பல்கலைக்கழகம் மறுத்த பேராசிரியர்

யூதரைப் பற்றியும் அவர்தம் மொழியாகிய எபிரேயத்தைப் பற்றியும் நம்மவர் அறிந்தவை சிலவே. சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலைக் குறிக்க விவிலியத்தில் வழங்கும் எபிரேயச் சொல், நமது தோகை என்னும் சொல்லோடு உறவுடையது என்று கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்தார். அந்நூல் வெளிவந்த 1856ஆம் ஆண்டு முதலாக இச்செய்தி தமிழாசிரியர் பலரின் வாயிலாக வகுப்பறைகளில் ஒலித்து வந்திருக்கிறது. விவிலியத்துக்குப் பின்னர் யூதரைப் பற்றி நமக்கெட்டும் அடுத்த பெருஞ்செய்தி, ஹிட்லரின் கொலைக்களங்கள். இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வளவு காலமும் அம்மக்கள் என்ன சிந்தித்தார்கள், என்ன பாடினார்கள், என்ன எழுதினார்கள்?

இக்கேள்வியை நாம் மட்டுமன்றி, யூதர் நடுவே வாழ்ந்த ஐரோப்பியரும் நெடுங்காலம் கேட்கவில்லை. ஒக்ஸ்போட்டிலும் கேம்பிரிட்ஜிலும் பதினாறாம் நூற்றாண்டிலேயே எபிரேயத்துக்குப் பேராசிரியர் பதவிகள் இருந்தன. ஆயினும் அங்கே கற்பிக்கப்பட்டது கிறித்தவ இறையியலுக்கு வேண்டிய பழைய ஏற்பாடே. அதற்குப் பிற்பட்ட யூத இலக்கியத்தை நாடிய அறிஞர் சிலரும் பெரும்பாலும் சமய வாதத்தின் பொருட்டே அதனை நாடினர்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் வரலாற்றை முதன்மைப் பாடமாகக் கொண்டு பயின்ற காலத்தில், யூதவியலை நான் துணைப்பாடமாகத் தெரிந்தெடுத்தேன். ஆறு பாடநெறிகள், ஒரு விண்ணப்பத் தாள், ஆலோசகரின் கையொப்பம். இவ்வளவே அதற்கு வேண்டியிருந்தது. யூதரல்லாத நான் ஏன் அதனைக் கற்க வேண்டுமென்று எவரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் மத்தியகால வழிபாட்டுப் பாடல்களைப் படித்தாலும், விவிலிய விரிவுரைகளின் காலத்தை ஆராய்ந்தாலும், யூதரின் இயற்பெயர்களைப் பற்றி வாசித்தாலும், நூல்களின் அடிக்குறிப்புகளில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. அது லியோபோல்ட் சுன்ஸ் என்பது. நான் ஒரு கையொப்பத்தாற் பெற்ற கல்விக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் வேண்டுமென்று கேட்டு, அது மறுக்கப்பட்ட நிலையிலே தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்து மறைந்தவர் அவர். அடிக்குறிப்புகளில் நான் சந்தித்த அம்மனிதரின் வாழ்க்கையை இங்கே எழுத விழைகின்றேன்.

அநாதைச் சிறுவன்

சுன்ஸ் 1794ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியின் டெற்மோல்ட் நகரிற் பிறந்தார். முதலில் எபிரேயம் கற்பித்தவர் தந்தையே. அத்தந்தை 1802இல் இறந்தார். மறு ஆண்டு, வறிய யூதச் சிறுவர்க்கென வொல்பன்பியூட்டல் நகரில் நடந்துவந்த சாம்சன் இலவசப் பாடசாலையில் சிறுவன் சேர்க்கப்பட்டான். தாயும் 1809இல் மறைந்தார். இளம் வயதிலேயே அவர் இருமுது குரவரையும் இழந்தவரானார்.

அப்பாடசாலையில் அன்று நடந்த கல்வி பழைய முறையிலானது. தல்மூத் எனப்படும் பெருஞ்சட்டத் தொகுதியை உருப்போடுதலே அதன் பெரும்பகுதி. இலக்கணமோ வரலாறோ ஒழுங்காகக் கற்பிக்கப்படவில்லை. 1807இல் சாமுவேல் மேயர் ஏரன்பேர்க் என்பவர் தலைமை ஆசிரியராக வந்தார். அவரோடு ஜேர்மன் மொழியும் வரலாறும் புவியியலும் புதிய ஒழுங்கும் பாடசாலைக்குள் நுழைந்தன. ஒரே நாளில் மத்தியகாலத்தைக் கடந்து புதிய யுகத்துக்குள் வந்து சேர்ந்ததாகவே சுன்ஸ் பிற்காலத்தில் அம்மாற்றத்தை நினைவுகூர்ந்தார். ஒரு நல்ல தலைமை ஆசிரியர் ஒரு பாடசாலையில் என்ன செய்ய இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் அன்று ஏற்பட்ட பிணைப்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

1809இல் அந்நகரின் உயர்தரப் பாடசாலையில் அனுமதி பெற்ற முதல் யூத மாணவர் என்னும் சிறப்பும் சுன்ஸுக்குக் கிடைத்தது. தாம் படித்த இலவசப் பாடசாலையிலேயே சிறுவர்க்குக் கற்பித்துத் தம் படிப்பையும் நடத்தினார். பின்னர் 1815இல் பேர்லின் சென்றார்.

கேள்வி பிறந்த இடம்

பேர்லின் பல்கலைக்கழகம் தொடங்கி அப்பொழுது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கே ஓகஸ்ட் வொல்ப் என்பவரும் ஓகஸ்ட் பேக் என்பவரும் கிரேக்க, உரோம இலக்கியங்களைக் கற்பித்தனர். நூலைப் பொருளறிந்து படிப்பதோடு அவர்கள் நிறைவடையவில்லை. நூல் எக்காலத்தது, எவர் எழுதியது, எப்பகுதி இடைச்செருகல், அதனால் அறியப்படும் வாழ்க்கை எத்தகையது என்றெல்லாம் துருவினர். பேக் 1817இல் வெளியிட்ட நூல் ஏதென்ஸ் நகரத்தின் நாணயத்தையும் வரியையும் அரச செலவையும் ஆராய்ந்தது. ஒரு மக்களின் எழுத்துக்கள் அனைத்தையும் கொண்டு அம்மக்களின் வாழ்வு முழுவதையும் அறிதலே மொழிநூற் புலமை என்பது அவர் கொள்கை.

இவ்விரிவுரைகளைக் கேட்டிருந்த வறிய யூத மாணவரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கிரேக்கருக்குச் செய்வதை யூதருக்கு ஏன் செய்தலாகாது?

1818இல் வெளிவந்த ஒரு சிறு நூல் அக்கேள்வியின் பயனாகும். ரபிமாரின் இலக்கியத்தைப் பற்றிச் சில குறிப்புகள் என்று பொருள்படும் அடக்கமான தலைப்பு அதற்கு இடப்பட்டிருந்தது. எழுதியவருக்கு வயது இருபத்துமூன்று. விவிலியத்துக்குப் பிற்பட்ட எபிரேய நூல்கள் அனைத்தும் சமய நூல்களே என்ற எண்ணத்தை அது தகர்த்தது. சட்டம், கணிதம், வானநூல், புவியியல், வணிகம், மருத்துவம், கவிதை, இசை என அவ்விலக்கியத்தின் துறைகளை வகுத்துக் காட்டி, ஒவ்வொன்றிலும் செய்யவேண்டிய பணிகளையும் அது சுட்டியது.

ஏன் அந்தக் காலத்தில், அவ்வளவு அவசரமாக? அதற்கும் சுன்ஸ் விடை தந்தார். ஜேர்மன் யூதர் எபிரேயத்தை விட்டு ஜேர்மன் மொழியைத் தழுவிக்கொண்டிருந்தனர். நூறாண்டு கழிந்தால் எபிரேய நூல்களைத் தேடிப் பெறுதலே அரிதாகும் என அவர் அஞ்சினார். படிப்பவர் அருகி வரும் காலமே கணக்கெடுப்புக்கு உரிய காலம் என்பது அவர் எண்ணம். அச்சிறு நூல் கல்லறை வாசகத்தையும் பிறப்புச் சான்றிதழையும் ஒருங்கே ஒத்தது என்றே எனக்குத் தோன்றியது. ஒரு மரபு மறைகின்றது என்று வருந்தி எழுதியவர், அவ்வெழுத்தினாலேயே ஒரு புதுத் துறைக்கு வித்திட்டுவிட்டார்.

நண்பர் சென்ற வழி

அடுத்த ஆண்டு, 1819இல், ஜேர்மனியின் பல நகரங்களில் யூதருக்கு எதிராகக் கலகங்கள் மூண்டன. படித்தால் மதிப்பர், மதித்தால் உரிமை தருவர் என்று நம்பியிருந்த இளைஞர்கள் திடுக்குற்றனர். அவ்வாண்டு நவம்பரில் பேர்லினில் சிலர் கூடி, யூதரின் பண்பாட்டையும் அறிவியலையும் வளர்ப்பதற்கென ஒரு சங்கம் நிறுவினர். சுன்ஸ், சட்ட அறிஞரான எடுவார்ட் கான்ஸ், மோசஸ் மோசர் ஆகியோர் அதன் முன்னோடிகள். கவிஞர் ஹைன்ரிச் ஹைனே 1822இற் சேர்ந்தார். சுன்ஸ் 1821இல் ஹாலே பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றுச் சங்கத்தின் சஞ்சிகைக்கு ஆசிரியரானார். மத்தியகாலப் பேருரையாசிரியரான ராஷியின் வாழ்வை, மக்கள் புனைந்த கதைகளினின்றும் பிரித்தெடுத்து அதில் எழுதினார்.

சங்கம் நீடிக்கவில்லை. பிரஷ்ய அரசு 1812இல் யூதருக்குக் கல்விப் பதவிகளைத் திறந்துவிட்டிருந்தது. 1822இல் அரசர் அக்கதவை மீண்டும் அடைத்தார். அது முதலிற் கான்ஸையே தாக்கியது. பல்கலைக்கழகப் பதவிக்கு அவருடைய புலமை போதியதாயிருந்தது, பிறப்புத்தான் தடையாயிற்று. சங்கம் 1824இற் கலைந்தது. 1825இல் கான்ஸ் கிறித்தவரானார். சில ஆண்டுகளில் பேர்லினிற் பேராசிரியரும் ஆனார். ஹைனேயும் அதே 1825இல் மதம் மாறினார்.

சுன்ஸ் மாறவில்லை. அவர் பழமைவாதியாக இருந்ததனால் இவ்வாறு நின்றார் என்று கொள்ளுதல் பொருந்தாது. சமயச் சீர்திருத்தத்தை நாடியவர்களோடு சேர்ந்து பேர்லினிற் பிரசங்கம் செய்தவர் அவர். தம் மக்களின் எழுத்துக்கு மதிப்புத் தேடப் புறப்பட்டவர், அம்மக்களை விட்டு நீங்குவதை விலையாகக் கொடுத்து அம்மதிப்பைப் பெற்றால், பெற்றது எதுவாகும்? இக்கேள்விக்கு அவர் தம் வாழ்க்கையையே விடையாக்கினார். கான்ஸை இகழவும் நாம் துணியலாகாது. கதவை அடைத்து வைத்துவிட்டு, நுழைய மதத்தை மாற்று என்று கேட்ட அரசின் மீதே பழி முதலிற் சாரும்.

பத்திரிகையிற் பிழைப்பு, இரவிற் புலமை

1822இல் சுன்ஸ் அடல்ஹைட் பேர்மன் என்னும் பெண்ணை மணந்தார். இல்லறத்தை நடத்த வருவாய் வேண்டுமே. 1824 முதல் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பேர்லின் நாளிதழ் ஒன்றிற் பணியாற்றினார். இடையிலே யூத சமூகத்தின் பாடசாலையொன்றுக்குத் தலைவராகவும் இருந்தார். எஞ்சிய நேரத்தில் எழுதிய நூல் 1832இல் வெளிவந்தது. யூதரின் வழிபாட்டுச் சொற்பொழிவுகளின் வரலாறு அது.

அந்நூல் பிறந்ததற்கு ஒரு காரணமுண்டு. தொழுகைக் கூடத்தில் ஜேர்மன் மொழியிற் பிரசங்கிப்பது யூத மரபுக்கு மாறான புதுமை என்று கூறி, 1823இல் அரசு அதனைத் தடைசெய்திருந்தது. மக்கள் பேசும் மொழியில் மறையை விளக்குதல் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதைச் சுன்ஸ் சான்றுகளோடு நிறுவினார். அதற்காக விவிலிய விரிவுரை நூல்கள் அனைத்தையும் காலவரிசையில் நிறுத்தினார். அவருக்கு முன் எவரும் அத்துணை முழுமையாக அதனைச் செய்ததில்லை. யூதருக்கு உரிமை வேண்டி எழுதிய முன்னுரையைத் தணிக்கையாளர் அப்படியே வெளிவர விடவில்லை.

இந்நூலின் ஒரு பகுதியைப் படித்தபோது நான் அடைந்த வியப்பு இன்றும் குறையவில்லை. பெசிக்தா என்னும் பழைய விரிவுரைத் தொகுதியொன்று அன்று எவர் கையிலும் இல்லை. பிற்கால நூலாசிரியர்கள் ஆங்காங்கே எடுத்தாண்ட பகுதிகள் மட்டுமே கிடைத்தன. அத்துண்டுகளை ஒன்றுசேர்த்து, இந்நூல் இவ்வாறு அமைந்திருந்தது, இன்ன அதிகாரங்கள் அதில் இருந்தன என்று சுன்ஸ் வரைந்து காட்டினார். கண்ணாற் காணாத ஒரு நூலுக்கு உருவம் கொடுத்த செயல் அது. முப்பத்தாறு ஆண்டுகளின் பின், 1868இல், சாலமோன் பூபர் என்ற அறிஞர் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து அந்நூலைப் பதிப்பித்தார். சுன்ஸின் வரைபு பெரும்பாலும் சரியென்று அப்பொழுது கண்டனர். எந்தப் பல்கலைக்கழகமும் பதவி தராத ஒருவர், பல்கலைக்கழகம் போற்றிய ஆய்வுமுறையின் உரத்தை இவ்வாறு மெய்ப்பித்தார்.

அவருடைய புலமை சமூகத்துக்குக் கேடயமாகவும் பயன்பட்டது. 1836இல் பிரஷ்ய அரசு யூதர் கிறித்தவப் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்கு இடலாகாது என்று ஆணையிட்டது. பேர்லின் யூத சமூகம் சுன்ஸை நாடியது. மறு ஆண்டே யூதரின் பெயர்களைப் பற்றிய நூல் வெளிவந்தது. அலெக்ஸாந்தர் என்ற பெயர் கொண்ட யூத மன்னனும், அந்திகோனஸ் என்ற பெயர் கொண்ட யூத ஞானியும் கிறித்தவம் தோன்றுமுன்னரே வாழ்ந்தவர்கள். தாம் வாழ்ந்த நாட்டின் பெயர்களை யூதர் எக்காலத்தும் ஏற்று வந்தனர் என்றும், பெயர் எந்தச் சமயத்தின் தனிச்சொத்தும் அன்று என்றும் நூல் காட்டியது. ஒரு நூற்றாண்டின் பின், 1938இல், அதே பேர்லினிலிருந்து நாசி அரசு மற்றோர் ஆணை பிறப்பித்தது. யூதப் பெயரென அரசு ஏற்ற பெயர் இல்லாத யூத ஆடவர் இஸ்ரேல் என்றும், பெண்டிர் சாரா என்றும் மேலதிகப் பெயர் சூடவேண்டுமென்பது அது. பெயரைக் கொண்டு மனிதரைப் பிரித்து நிறுத்தும் எண்ணத்தின் முடிவு எத்தகையது என்பதைச் சுன்ஸ் காணவில்லை. ஆயின் அதன் தொடக்கத்தை அவர் அடையாளம் கண்டிருந்தார்.

1848: கேட்டதும் மறுத்ததும்

1840 முதல் பத்து ஆண்டுகள் பேர்லினில் இருந்த யூதர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குச் சுன்ஸ் தலைவராயிருந்தார். இக்காலத்தின் நடுவே, 1848 மார்ச்சில், புரட்சி வெடித்தது. மன்னராட்சி தளர்ந்தது, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற வாக்குறுதி எங்கும் ஒலித்தது. ஐம்பத்து நான்கு வயதை நெருங்கிய சுன்ஸ் அரசியற் கூட்டங்களிற் பேசினார். இதுவே தருணமெனக் கருதி, அவ்வாண்டு கோடையிற் கல்வி அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். யூதரின் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் பேர்லின் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த வேண்டுமென்பதே அதன் சாரம். சட்டம் இயற்றுவோரும் நீதி வழங்குவோரும் யூதரைப் பற்றிக் கொண்டுள்ள தப்பெண்ணங்கள் அறியாமையால் விளைந்தவை. அறியாமையை நீக்கும் இடம் பல்கலைக்கழகமே என்று அவர் வாதித்தார்.

அமைச்சு விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் தத்துவ பீடத்துக்கு அனுப்பியது. பீடம் மறுத்தது. யூதரின் வரலாற்றைப் பொது வரலாற்றோடு சேர்த்தே கற்பிக்கலாம், அதற்குத் தனிப் பதவி வேண்டியதில்லை என்றது. தனிப் பதவி ஏற்படுத்தினால் யூதரின் தனித்தன்மையைப் பேண அரசே துணைபோனதாகும் என்றும் கருதியது. சமவுரிமை வந்த பின் வேறுபாடு எதற்கு என்பது கேட்பதற்கு இனிய வாதம். ஆனால் அப்பொது வரலாற்றில் யூதரின் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் எந்த விரிவுரையில் இடம்பெற்றன? எதிலும் இல்லை. ஒருவரைப் பொதுப் பந்திக்கு அழைத்துவிட்டு, இலை போடாது விடுவதை ஒத்தது அவ்விடை.

கைப்பிரதிகளினூடே

1850இல் பயிற்சிக் கலாசாலையும் மூடப்பட்டது. சுன்ஸ் சிறு ஓய்வூதியத்தோடு வீட்டிலமர்ந்தார். மற்றொருவர் மனமுடைந்திருப்பார். அவரோ தம் வாழ்நாளின் மிகப் பெரிய பணியை அப்பொழுதே தொடங்கினார். தொழுகைக் கூடங்களிற் பாடப்பட்டு, பாடியவர் பெயரும் காலமும் மறந்துபோன மத்தியகால எபிரேயப் பாடல்களைத் தொகுத்து ஆராய்தலே அப்பணி. இலண்டன், ஒக்ஸ்போட், பரிஸ், இத்தாலியின் பார்மா ஆகிய நகரங்களின் நூல்நிலையங்களிற் கைப்பிரதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். வத்திக்கான் நூல்நிலையம் அவரை அனுமதிக்கவில்லை.

அப்புலவர்கள் பலர் பாடலடிகளின் முதலெழுத்துக்களில் தம் பெயரைப் பொதிந்து வைக்கும் வழக்கமுடையவர்கள். அவ்வெழுத்துக்களை மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்து, மறைந்த பெயர்களைச் சுன்ஸ் மீட்டார். 1855, 1859, 1865ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளிவந்த பெருநூல்களின் பயனாக, ஏறக்குறைய ஆயிரம் புலவர்களும் ஆறாயிரம் பாடல்களும் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றனர். 1096இல் சிலுவைப் போர்ப் படைகள் ரைன் நதிக்கரை நகரங்களில் நிகழ்த்திய படுகொலைகளைப் பற்றிய ஓலங்களும் அவற்றில் உள. யூதரின் துயர வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய பகுதியின் ஆற்றலை உணர்ந்த ஆங்கில நாவலாசிரியை ஜோர்ஜ் எலியட், 1876இல் வெளிவந்த தமது டானியல் டெரொண்டா என்னும் நாவலின் ஓரதிகாரத்துக்கு அதனை முகப்பாக வைத்தார். பேர்லின் பீடம் கேட்க மறுத்த குரல் இவ்வாறு இலண்டனை எட்டியது.

1874இல் அடல்ஹைட் காலமானார். ஐம்பத்திரண்டு ஆண்டுத் துணையை இழந்த பின் சுன்ஸின் பேனா பெரும்பாலும் ஓய்ந்தது. 1886 மார்ச்சில் அவர் உயிர் பிரிந்தது. பேர்லினின் பழைய யூத மயானத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

பின் வந்த அறுவடை

அவர் வாழ்நாளிலேயே யூதர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு உயர் கல்லூரிகள் நிறுவினர். பிரெஸ்லாவில் 1854இல் ஒன்றும், பேர்லினில் 1872இல் மற்றொன்றும் தோன்றின. இவற்றாற் சுன்ஸ் நிறைவு கொள்ளவில்லை. யூதரே யூதருக்குக் கற்பிக்கும் கல்வி மீண்டும் ஒரு மதிலுக்குள் அடைபடும் என்பது அவர் கவலை. அக்கல்லூரிகளின் புலமை பெரிதாயினும், அவை நின்ற நிலம் பாதுகாப்பற்றதாகவே இருந்தது. பிரெஸ்லாக் கல்லூரி 1938இலும் பேர்லின் கல்லூரி 1942இலும் நாசிகளால் மூடப்பட்டன. ஆசிரியரும் மாணவரும் பலர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

சுன்ஸ் கேட்டது வேறு நாடுகளில் நிறைவேறியது. எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் யூதவியல் நிலையம் 1924இல் திறக்கப்பட்டது. ஹாவாட்டில் 1925இல் ஹரி வொல்ப்சனும், கொலம்பியாவில் 1930இல் சாலோ பாரனும் இத்துறையிற் பேராசிரியர்களாயினர். பேர்லின் மறுத்துரைத்த நாளிலிருந்து எண்ணினால், ஹாவாட்டின் பதவிக்கு எழுபத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று பொருளியலோ மருத்துவத்துக்கு முற்பட்ட அறிவியலோ பயிலும் மாணவர், யூதரும் யூதரல்லாதாரும், யூதவியலைத் துணைப்பாடமாகக் கொள்கின்றனர். பேர்லினிலும் அது பல்கலைக்கழகப் பாடமாகிவிட்டது. சுன்ஸின் கடிதங்களும் குறிப்பேடுகளும் எருசலேமிலுள்ள தேசிய நூலகத்திற் பேணப்படுகின்றன.

துணைப்பாடம் என்ற சொல்லில் ஒரு சிறுமை தொனிக்கக் காண்பார் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன் இனத்தாரல்லாத ஒரு மக்களின் எழுத்தை, பரீட்சைக்கோ பிழைப்புக்கோ அன்றி, அறியும் விருப்பத்தால் ஒரு மாணவன் தெரிந்தெடுக்கின்றானே, அதுவே சுன்ஸ் வேண்டிய மதிப்பின் தூய வடிவம். தம் மக்கள் மட்டும் படிக்க வேண்டுமென்று அவர் அந்நூல்களை எழுதவில்லை. அண்டை வீட்டார் படிக்க வேண்டுமென்றே எழுதினார். படிப்பதற்கு அண்டை வீட்டார் வராத காலத்திலும், வருவர் என்றெண்ணி ஏடுகளை ஒழுங்குசெய்து வைத்தார். ஆறாயிரம் பாடல்களும் உரியவர் பெயரோடு அங்கே காத்திருக்கின்றன.